அழைப்பு எந்தத் தேதியில் வந்தது?

அன்புள்ள ஐயா,

திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மயிலாடுதுறை பக்கம் ஒரு கிராமத்து லுத்தரன் சபை எங்களுடையது. ஊழியத்துக்கு வரும் எண்ணமுள்ள கல்லூரி மாணவர்கள் பதினொரு பேரைப் போன மாதம் சென்னையில் ஒரு இறையியல் கல்லூரிக்கு இரண்டு நாள் கூட்டிப்போனார்கள். எபிரெய வகுப்பில் உட்கார வைத்தார்கள், நூலகம் காட்டினார்கள். இரவு விடுதி மாடியில் வட்டமாக உட்கார்ந்து ஆண்டவர் ஊழியத்துக்குக் கூப்பிட்ட தன் அழைப்பை ஒவ்வொருவரும் சாட்சியாகச் சொன்னோம். ஒருவருக்குக் கனவு. ஒருவருக்கு விபத்தில் தப்பியபோது கேட்ட குரல். ஒருவருக்கு வேதத்தைத் திறந்ததும், ஆண்டவர் எரேமியாவை அழைக்கும் முதல் அதிகாரம். என் முறை வந்தபோது சொல்வதற்கு ஒன்றுமில்லை. "பிடித்திருக்கிறது, அதனால் வந்தேன்" என்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

எபிரெயம் பயமாக இருக்கிறது. குருவானவர் சம்பளத்தில் குடும்பம் நடக்குமா என்றும் தெரியவில்லை. விசுவாசம் குறைந்த என் அம்மா பாங்க் பரீட்சை எழுதச் சொல்லி அழுகிறார். அழைப்பு இல்லாத நான் விண்ணப்பிக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயரோடு கல்லூரியின் பெயரையும் எடுத்துவிட்டேன்.

எபிரெயத்தில் இருபத்திரண்டு எழுத்து. இயற்பியல் படித்த பிள்ளை அதற்குப் பயப்பட வேண்டாம். சம்பளத்தை உங்கள் சபைக் குருவானவர், அதாவது ஐயர், வீட்டம்மாவிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

அம்மாவைப் பற்றி எழுதிய வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருஷம் கல்லூரிக்குப் பணம் கட்டியவர், பிள்ளைக்கு ஒரு நிலையான வேலை வேண்டும் என்று அழுதால் அது விசுவாசக் குறைவா? இந்த அளவுகோலை யார் உங்கள் கையில் கொடுத்தது? திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசம் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதில் தாய் தகப்பனைப் பற்றிய நான்காம் கட்டளையை இன்னொரு தரம் படியுங்கள். ஊழியத்துக்குப் போகிறவன் முதலில் தன் வீட்டில் ஒருவர் அழுவதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

சரி, அந்த மொட்டைமாடிக்கு வருகிறேன். அந்த இடத்தைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு இருபது வயதில் இதே மாதிரி ஒரு நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். படிப்பு, ஊர் எல்லாம் விசாரித்தார்கள். அப்புறம் நடுவில் இருந்தவர், "தம்பிக்கு அழைப்பு எந்தத் தேதியில் வந்தது?" என்றார். எனக்கு அப்படி ஒரு தேதி இல்லை. ஆனால் ஐந்து முகங்களும் காத்திருந்தன. நான் சொல்ல ஆரம்பித்தேன். பாட்டி இறந்த இரவு கட்டில் பக்கத்தில் விழித்திருந்ததாகவும், விடியும் நேரத்தில் அறைக்குள் ஒரு வெளிச்சம் வந்ததாகவும், என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவும் சொன்னேன். உண்மையில் அன்றிரவு நான் தூங்கிப்போனேன். பாட்டி தண்ணீர் கேட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. அதைத்தான் அப்படி மாற்றிச் சொன்னேன். மேசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைத் தேர்வு செய்துவிட்டார்கள்.

ராத்திரி பாசஞ்சரில் ஊர் திரும்பினேன். வழியெல்லாம் சாப்பிட முடியவில்லை. வீட்டுக்கு வந்து, வர இயலவில்லை என்று ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டேன். காரணம் எழுதவில்லை. பிறகு பள்ளிக்கூட வாத்தியார் ஆனேன். இத்தனை வருஷத்தில் என் மனைவியிடம் மட்டும்தான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே தம்பி, "பிடித்திருக்கிறது, அதனால் வந்தேன்" என்று அந்த மாடியில் சொன்ன உங்கள் பக்கம்தான் நான். மற்ற பத்துப் பேர் பொய் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் வாலிபப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து இப்படிக் கேட்பது, இல்லாததைச் சொல்லவைக்கும். லுத்தரன் பெயரில் இதைக் கேட்பது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

நம் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரையே எடுத்துக்கொள்வோம். 1505 ஜூலை 2. பெற்றோரைப் பார்த்துவிட்டு எர்ஃபுர்ட்டுக்குத் திரும்பும் வழியில், ஸ்டோட்டர்ன்ஹைம் கிராமத்துக்குப் பக்கத்தில், அருகிலேயே இடி விழுகிறது. புனித அன்னாளைக் கூப்பிட்டு, காப்பாற்றினால் துறவியாவேன் என்று கத்துகிறார். அப்போது அவருக்கு வயது 21. இரண்டு வாரத்தில் மடத்தில் சேர்ந்துவிடுகிறார். மொட்டைமாடியில் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அந்த இடி அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது? பின்னால் அவரே விட்டு வெளியே வந்த மடத்துக்கு. 1521ல் துறவற வாக்குகளை எதிர்த்து எழுதியபோது அந்த நூலை அப்பாவுக்குத்தான் காணிக்கையாக்கினார். சாவு பயத்தில் நெருக்குண்டு செய்த பொருத்தனை அது என்று அதில் ஒப்புக்கொண்டார். மகனை வக்கீலாக்க நினைத்த அப்பா, அவரது முதல் பூசையன்றே, தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளையை நீ கேட்டதில்லையா என்று கேட்டிருந்தார். அப்பா சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள லுத்தருக்குப் பல வருஷம் ஆயிற்று. உங்கள் அம்மாவை நினைத்துத்தான் இதையும் எழுதுகிறேன்.

அவரைப் பிரசங்க மேடையில் ஏற்றியது இடி இல்லை. அவர் சேர்ந்த துறவற சபையின் மேலதிகாரியாக இருந்த ஸ்டாவ்பிட்ஸ் என்ற ஒரு மனிதர். நீ டாக்டர் பட்டம் வாங்கு, பிரசங்கம் செய் என்றார் அவர். என்னால் ஆகாது, செத்துப்போவேன் என்று லுத்தர் மறுத்தார். போனால் என்ன, மேலேயும் ஆண்டவருக்குப் புத்திசாலிகள் தேவைப்படுகிறார்கள் என்றார் ஸ்டாவ்பிட்ஸ். 1512ல் பட்டம் வாங்கினார். பிற்காலத்தில், நீ யார் போதிப்பதற்கு என்ற கேள்வி உள்ளே அரித்தபோதெல்லாம் அவர் பிடித்துக்கொண்டது இதைத்தான்: நானாக வரவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள். லுத்தரன் சபைகளுக்கு அடிப்படையான, 1530ல் எழுதப்பட்ட அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் பதினான்காம் பிரிவு ஒரே வாக்கியம். முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ சாக்கிரமெந்துகளை நிறைவேற்றவோ கூடாது. அதில் கனவு இல்லை, தேதி இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ், ஃபோர்ட் வெய்ன் ஊர்களில் உள்ள லுத்தரன் இறையியல் கல்லூரிகளில் கடைசி வருஷ மாணவர்களுக்கு எந்தச் சபை அவர்களை அழைத்திருக்கிறது என்று ஓர் ஆராதனையில் பெயர் வாசித்துச் சொல்வார்கள். அழைக்கிறது சபை.

உங்கள் மாவட்டத்துக் கதையே இருக்கிறது. கடலூரில் பிறந்த ஆறுமுகம் 1718ல் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1733ல். நடுவில் பதினைந்து வருஷம். அதில் பெரும்பகுதி, குருவானவருக்குத் துணையாகப் போதிக்கும் உபதேசியார் வேலை. ஜனங்கள் அவரைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். இந்தியர்களில் முதல் லுத்தரன் குருவானவர் அப்படித்தான் உருவானார்.

தபால் கார்டு போட்ட பிறகு எங்கள் ஐயர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐப்பசியில் ஒருநாள், சாவு ஒன்று, வா என்று கூட்டிப்போனார். அடைமழை. நான் குடை பிடித்தேன். வெட்டிய குழியில் தண்ணீர் ஊற ஊற இரண்டு பேர் அலுமினியப் பாத்திரத்தால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றில் ஒரு முனையைப் பிடித்தார். பெட்டி இறங்கியதும் பாலிதீன் பைக்குள்ளிருந்து ஆராதனைப் புத்தகத்தை எடுத்தார். அடக்க ஆராதனைப் பக்கங்களின் ஓரம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. கல்யாணப் பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன.

திரும்பி வரும்போது கேட்டேன், உங்களுக்கு அழைப்பு எப்படி வந்தது ஐயா என்று.

"உபதேசியார் காய்ச்சல்ல படுத்துட்டார். ஞாயித்துக்கிழமை யாராவது ஜெபம் படிக்கணும்னாங்க, படிச்சேன். அடுத்த ஞாயிறும் நீயே படின்னாங்க."

அவ்வளவுதான் சொன்னார்.

உங்கள் நீண்ட கடிதத்தில் உங்கள் சபையைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. பதினொரு பேரில் உங்களைச் சேர்த்தார்கள் என்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறார். உங்களை எங்கே, என்ன செய்யும்போது பார்த்து எழுதினார்? இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அவரிடம் கேளுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.