மலரில் இல்லாத பேரேடு

கேள்வி: எங்கள் பாட்டனார் ரங்கூனில் கணக்கெழுதியவர், யுத்தத்தின்போது ஊர் திரும்பி, பிறகு பள்ளிப் பாடநூல் பதிப்பகம் தொடங்கினார். மூன்று தலைமுறையாக நடத்தி வருகிறோம். பவள விழா மலருக்காக எழுதிய நிறுவன வரலாற்றை உங்களுக்கு அனுப்பி நான்கு மாதங்கள் ஆகின்றன. கதையும் கவிதையும் வெளியிட்ட செட்டிநாட்டுப் பதிப்பாளர்களைக் கொண்டாடும் உங்கள் இதழ், பள்ளிப் புத்தகம் போட்டவர்களை மட்டும் ஏன் ஒதுக்குகிறது? (எங்கள் முதல் பாடநூலின் பிரதி எங்களிடமே இல்லை. வாசகர்களிடம் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.)
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் குற்றச்சாட்டில் பாதி நியாயம். ராயவரத்து வை. கோவிந்தன் 1939இல் தொடங்கிய ‘சக்தி’ இதழைப் பற்றியும், பாரதியார் கவிதைகளை 1957இல் ஒன்றரை ரூபாய்க்கு அவர் கொடுத்ததைப் பற்றியும் இதே பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் நம் செட்டிநாட்டு வட்டகைப் பிள்ளைகள் முதன்முதலாகக் கையில் எடுத்த அச்சுப் புத்தகத்தை யார் போட்டார்கள் என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. அது என் குறை.

மறுபாதி உங்களுடையது. நீங்கள் அனுப்பிய 48 பக்கங்களில் அறுபது நிறைந்த சாந்திக் கல்யாணப் படங்கள் இருக்கின்றன, வளவு என்னும் குடும்ப வீட்டின் முகப்பு இருக்கிறது, எந்த விழாவுக்கு எந்த அமைச்சர் வந்தார் என்பதும் இருக்கிறது. எந்த ஆண்டில், எந்த வகுப்புக்கு, யார் எழுதிய நூலை வெளியிட்டீர்கள் என்ற செய்தி ஓரிடத்திலும் இல்லை. 1970ஆம் ஆண்டுக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது ஒரே வரி: “பின்னர் காலம் மாறியது.”

காலம் தானாக மாறவில்லை, ஐயா. அந்த ஆண்டில்தான் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தை அரசு தொடங்கியது. அதற்கு முன்பு, ஒரே வகுப்பின் ஒரே பாடத்துக்குப் பல பதிப்பகங்களின் நூல்கள் போட்டியிட்டன. பதிப்பாளர் ஓர் ஆசிரியரைப் பிடித்து எழுதவைத்து, பாடநூல் குழுவின் ஒப்புதலைப் பெற்று, தலைமையாசிரியர்களிடம் மாதிரிப் பிரதிகளைக் கொடுத்து, எந்தப் பள்ளி தம் நூலை எடுத்துக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டும். காகிதத்துக்கும் அச்சுக்கும் கோடையிலேயே பணம் முடங்கும். ஜூன் மாதத்தில் சரக்குக் கடைகளுக்குக் கடனாகப் போகும். வசூல் மெதுவாகத்தான் வந்து சேரும். அதாவது இது எழுத்துத் தொழில் என்பதைவிடக் கடன் தொழில். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, முகவருக்கு உதவியாளான அடுத்தாளாகி, யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எப்போது கேட்கலாம் என்பதை ரங்கூனில் பழகிய ஒருவருக்குத் திருச்சியிலோ மதுரையிலோ புத்தகக் கடையைப் பார்த்தவுடன் இது தெரிந்த பாதையாகத்தான் தோன்றியிருக்கும். 1942இல் ஜப்பானியர் வந்தபோது பர்மாவில் விட்டுவந்த மூலதனத்தை நினைத்து அழுதவர்களின் கதை நமக்கு மனப்பாடம். எஞ்சிய சிறு மூலதனத்தைப் பள்ளிக்கூடத்தை நம்பிப் போட்ட துணிச்சலை நீங்கள்தான் எழுத முடியும். நீங்களோ அதை “இறையருளால்” என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

அரசே பாடநூலை அச்சிடத் தொடங்கியதும் இந்தச் சந்தை படிப்படியாகக் கைவிட்டுப் போயிற்று. மிஞ்சியது உரைநூல், பயிற்சி நூல், வினா விடை. பொதுத்தேர்வு இருந்த இடத்தில் உரைநூல் முன்பே பிறந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் மாநிலம் முழுவதும் ஒரே பாடநூல் என்று ஆனபின், ஒரே உரைநூலை எல்லா ஊரிலும் விற்க வழி பிறந்தது. தனியாரின் பாடநூலை எடுத்துக்கொண்ட அதே ஏற்பாடுதான் தனியாரின் நோட்ஸுக்குத் தடமும் போட்டுக் கொடுத்தது. உங்கள் நிறுவனம் இன்று நிற்பது அந்தத் தடத்தில்தான். இதைச் சொல்ல ஏன் கூச்சப்படுகிறீர்கள்? ‘பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவர்கள்’ என்று எவரேனும் ஏசுவார்கள் என்ற அச்சம் என்றால், ஏச்சில் பெரும்பங்கு தேர்வுத்தாள் எடுப்பவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. உங்கள் பங்கு என்ன என்பதை நீங்களே எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு சங்கடமான கேள்வி: உங்கள் நூல்களை எழுதியவர்கள் யார்? திருச்சி பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட உரைநூலை மாணவர்கள் ‘கோனார் நோட்ஸ்’ என்றே கேட்டு வாங்கினார்கள். தூய வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனாரின் பெயர், பதிப்பகத்தின் பெயரைவிட அதிகம் புழங்கியது. அதனால் பதிப்பகத்துக்கு நட்டம் எதுவும் வந்துவிடவில்லை. உங்கள் அட்டைகளில் காண்பதோ “அனுபவமிக்க ஆசிரியர் குழு” மட்டும். பணியில் இருந்த ஆசிரியர்கள் பெயர் போட அஞ்சியிருக்கலாம்; அல்லது ஒரு தொகையைக் கொடுத்து உரிமையை மொத்தமாக வாங்கியிருக்கலாம். எதுவாயினும் உங்கள் பற்று வரவில் இருக்கும். பாகம் பிரிந்தபோது எந்த நூலின் உரிமை எந்தப் பங்காளிக்குப் போயிற்று என்பதும் அதிலேயே இருக்கும். வட்டி ஒரு காசு பிசகினாலும் இரவெல்லாம் விழித்து ஐந்தொகையைச் சரிக்கட்டிய குடும்பத்தில், எழுதியவர் பெயர் எப்படித் தவறியது என்று எனக்கு விளங்கவில்லை.

முதல் பாடநூலை வாசகர்களிடம் கேட்கிறீர்கள். உங்களுக்கு அடுத்த ஊர்தான் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா பிறர் கழித்துப் போட்ட நூல்களையும் இதழ்களையும் துண்டு விளம்பரங்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. முதலில் அங்கே தேடிப் பாருங்கள். பாடம் மாறியதும் பழைய பாடநூலை எடைக்குப் போடுவது எல்லா வீட்டிலும் நடக்கும். பதிப்பித்த வீட்டிலும் அதுவே நடந்திருக்கிறது என்பதைத்தான் உங்கள் வேண்டுகோள் சொல்கிறது.

எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி பற்றிய வழக்கு 2011இல் முடியும்வரை எதை அச்சிடுவது என்று நீங்கள் தவித்திருப்பீர்கள். அதையும் இரண்டு பத்தியில் எழுதலாம்.

வளவின் இரண்டாம் கட்டுக்குள், பெட்டகத்தில், பழைய பேரேடுகள் இன்னும் இருப்பதாக மலரின் முன்னுரையில் நீங்களே பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். 1969 முதல் 1972 வரையிலான பக்கங்களைப் படியெடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சாந்திக் கல்யாணப் படங்களைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன்.