டெம்பிள் கிராண்டின் மாடுகளுக்கு ஏன் வளைந்த பாதை அமைத்தார்?

அமெரிக்கப் பண்ணைகளிலும் இறைச்சிக்கூடங்களிலும் மாடுகளை வரிசையாக நடத்திச் செல்லும், இருபுறமும் அடைத்த குறுகிய வழி இது. 1947-இல் பிறந்த கிராண்டின் ஒரு விலங்கு அறிவியலாளர்; ஆட்டிசம் என்னும் மூளை வளர்ச்சி மாறுபாடு உள்ளவர். படம் படமாகச் சிந்திப்பவர். மாடு மிரண்டு நின்றால் அடித்து விரட்டுவதுதான் அன்றைய வழக்கம். இவரோ அந்த வழிக்குள் தானே இறங்கி, மாட்டின் கண் மட்டத்தில் பார்த்தார். தொங்கும் சங்கிலி, வேலியில் கிடக்கும் சட்டை, தரையில் நிழல்: இவைதான் காரணம். இருட்டில் கயிறு நமக்குப் பாம்பாகத் தெரிவதில்லையா, அப்படித்தான். சரி, வளைவு எதற்கு? வந்த இடத்துக்கே திரும்பிப் போக முயல்வது மாட்டின் இயல்பு. வளைவில் திரும்பிப் போவதாகவே எண்ணி நிதானமாக நடக்கும். அப்புறம், ஆட்டிசம் உள்ள எல்லோருமே படமாகச் சிந்திப்பார்கள் என்று நினைக்க வேண்டாம்; முதலில் அப்படி நம்பிய கிராண்டினே பிறகு அதைத் திருத்திக்கொண்டார்.