கொசுவத்தியும் பாச்சை உருண்டையும்: பிள்ளைக்குள் எவ்வளவு போகிறது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்குத் தலைப்பிரசவம், பேரனுக்கு 20 நாள். கொசு அதிகம் என்பதால் அறையைச் சாத்தி இரவெல்லாம் கொசுவத்தி ஏற்றுகிறோம். பிள்ளைத் துணி அலமாரியில் பாச்சை உருண்டை போட்டிருக்கிறேன். எல்லாமே விஷம் என்று மருமகன் சத்தம் போடுகிறார். 30 வருடமாக இப்படித்தானே செய்கிறோம், டாக்டர்?

பதில்: அம்மா, 'விஷமா?' என்பதோடு 'எவ்வளவு உள்ளே போகிறது?' என்றும் கேட்க வேண்டும். இதைக் கணக்கிட நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் கன்ஸ்எக்ஸ்போ என்று ஒரு கணினி மென்பொருளே வைத்திருக்கிறது. பொருள் எவ்வளவு, அறை எவ்வளவு பெரிது, காற்று எவ்வளவு மாறுகிறது, எத்தனை மணி நேரம் இருக்கிறோம், உடல் எடை என்ன என்பதை எல்லாம் வைத்துக் கணக்குப் போடும்.

உங்கள் அறையையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் நடுவில் எழுந்து அடுப்படிக்குப் போவீர்கள். பேரன் இரவு முழுக்க அங்கேயேதான். எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட இரண்டு மூன்று மடங்கு காற்றை அவன் இழுக்கிறான். மலேசிய, சீனக் கொசுவத்திகளை எரித்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஒரு சுருளின் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று வந்தது. பழைய தோட்ட லயத்து வீட்டில் பலகை இடுக்கு வழியே காற்று ஓடியிருக்கும். இப்போது கல்வீடு, கதவும் சாத்தியாகிவிட்டது. சுருள் அதேதான், கணக்கு வேறு. பிள்ளைக்குக் கொசுவலை போடுங்கள். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் வெளித் திண்ணையில் வையுங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அலமாரிதான். பாச்சை உருண்டை கரைவதில்லை, அப்படியே ஆவியாகிறது. துணியில் வீசும் வாசனைதான் அந்த உருண்டையிலுள்ள நாப்தலின் என்ற ரசாயனம். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையை முற்றவிடும். ஆண் பிள்ளைகளிடம்தான் இக்குறை அதிகம். இங்கே மலேசியாவில் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் சோதித்திருப்பார்கள். முடிவு பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் இருக்கும், இன்றே பாருங்கள். முடிவு எப்படி இருந்தாலும் உருண்டையை வீட்டைவிட்டே எடுத்துவிடுங்கள். பதிலுக்குக் கற்பூரமும் வேண்டாம். துணிகளைத் துவைத்து, வாசனை போகும்வரை வெளியில் காயவிட்டு, அப்புறம் போடுங்கள்.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) மாதிரி கறுத்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.