"வேறு ஏதாவது உண்டா?" என்று மேலாளர் கேட்டால் வாய் வருவதில்லை

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 34. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாக வந்திருக்கும் மேலாளர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் ஒவ்வொருவருடனும் அரை மணி நேரம் தனியாகப் பேசுகிறார். கெட்டவர் இல்லை, குரலைக்கூட உயர்த்த மாட்டார். ஆனாலும் முந்தைய இரவு எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. உள்ளே போனதும் முடித்தவை, பாதியில் நிற்பவை என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறேன். அவர் குறித்துக்கொள்கிறார். கடைசியில், "வேறு ஏதாவது உண்டா?" என்பார். "ஒன்றுமில்லை சார்" என்று எழுந்து வந்துவிடுவேன்.

ஒன்றுமில்லையா? பிரிவிலிருந்து ஒருவர் விலகியபோது அவருடைய வேலை 'தற்காலிகமாக' என் தலையில் விழுந்தது. அதன்பின் வேறு ஆள் எடுக்கவே இல்லை. மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. நான் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட தணிக்கை வேலை, எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போய்விட்டது. வெளியே வந்தபிறகு மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே இருக்கிறேன். என் முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரியாதா? வாய் திறந்து கேட்டால் குறை சொல்கிறவள் என்று பெயர் வருமோ என்றும் பயம். விரைவில் ஆண்டு மதிப்பீடு வேறு வருகிறது. "பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு" என்கிறார் கணவர். இந்தச் சந்திப்புக்கு எப்படித் தயாராவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. நம் உள்ளத்தில் ஓடுவது வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் மிகையாக நினைத்துக்கொள்கிறோம். தாமஸ் கிலோவிச், கென்னத் சாவிட்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1998இல் இதைச் சோதனைகள் மூலம் காட்டினார்கள். 2003இல் வெளியான இன்னொரு ஆய்வில், உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், மற்றவர்களைவிட நன்றாகவே உரையாற்றினார்கள். உங்கள் நடுக்கம் அவர் கண்ணில் அவ்வளவாகப் படாது என்பது நல்ல செய்தி. உங்கள் சுமையும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் "ஒன்றுமில்லை சார்" என்று கேட்டுவிட்டுப் போகும் மனிதர், உங்கள் பெயருக்கு எதிரே 'சிக்கல் இல்லை' என்றுதான் குறித்திருப்பார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் அந்த வேலைப் பட்டியல் நல்ல மறைவிடம். அது முடிவதற்குள் நேரமும் முடிந்துவிடும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தப்பிவிடலாம். எனவே முதலில் அதைக் கூட்டத்திலிருந்து வெளியேற்றுங்கள். முந்தைய நாளே மின்னஞ்சலில் சுருக்கமாக அனுப்பி, "நாளை வேறொன்றைப் பற்றிப் பேச நேரம் வேண்டும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி போனபிறகு பின்வாங்குவது கடினம், அதற்காகத்தான் சொல்கிறேன். இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்ட்ரூ குரோவ், தனிச் சந்திப்பைக் கீழே பணிபுரிபவருக்கு உரிய சந்திப்பாகவே கருத வேண்டும், எதைப் பேசுவது என்பதையும் அவரே முடிவுசெய்ய வேண்டும் என்று 1983இலேயே எழுதினார். பல மேலாளர்களுக்கு இது தெரியாது என்பது வேறு விஷயம்.

முக்கியமானதைக் கடைசிக் கேள்விக்காக வைத்திருக்காதீர்கள். எங்கள் ஆலோசனை அறையிலும் இது நடக்கும். முழு நேரமும் எதையெதையோ பேசிவிட்டு, எழுந்து கதவருகே போனபிறகுதான் வந்த காரணத்தைச் சொல்வார்கள். அப்போது கேட்கத்தான் முடியும், எதுவும் செய்ய நேரம் இருக்காது. அவர் "எப்படிப் போகிறது?" என்று கேட்ட கணத்தில் தாளைப் பார்த்து முதல் வரியைப் படிப்பேன் என்று இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். தாளோடு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தாளில் என்ன எழுதுவது? "வேலை அதிகம்" என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். விலகியவருடைய வேலைகளில் இன்று உங்களிடம் இருப்பவை எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது, மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் எது எதோடு மோதுகிறது என்று எழுதுங்கள். பிறகு இப்படிக் கேளுங்கள்: "சார், இவை எல்லாவற்றையும் அந்த வாரத்தில் ஒழுங்காக முடிக்க முடியவில்லை. எதை முதலில் முடிக்கட்டும், எதைத் தள்ளிவைக்கலாம், எதை வேறொருவரிடம் கொடுக்கலாம்?" குறை சொல்கிறவள் என்ற பெயருக்கு இதில் இடமே இல்லை. முடிவெடுக்க வேண்டியதை முடிவெடுக்க வேண்டியவரிடம் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். வீட்டில் ஒருமுறை கணவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் கோவையாக ஓடும் வாதம் நாக்கில் தடுமாறும், அது அங்கேயே தடுமாறட்டும்.

தணிக்கை வேலையை அதே நாளில் எடுக்காதீர்கள். சுமை தாங்கவில்லை என்பதும் புது வேலை வேண்டும் என்பதும் ஒரே மூச்சில் வந்தால், கேட்பவருக்கு இரண்டுமே குழம்பிவிடும். அதற்கு அடுத்த சந்திப்பு இருக்கிறது. அப்போதும் பின்னால் சேர்ந்தவரின் பெயரை இழுக்க வேண்டாம். இழுத்தால் மேலாளர் தம் முடிவை நியாயப்படுத்துவதிலேயே நேரம் போய்விடும். "தணிக்கைக்கு வர என்னிடம் இன்னும் என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். இரண்டு பேச்சும் ஆண்டு மதிப்பீட்டுக்கு முன்பே நடந்துவிட வேண்டும். மதிப்பீட்டு நாளில் முதல்முறையாகக் காதில் விழும் செய்தியை எந்த மேலாளரும் விரும்புவதில்லை.

"பார்க்கலாம்" என்று பதில் வரக்கூடும். ஆள் எடுக்கும் அதிகாரம் அவர் கையில் மட்டும் இல்லாமலும் இருக்கலாம். "எப்போது மறுபடி கேட்கட்டும் சார்?" என்று ஒரு தேதி வாங்கிக்கொண்டு, பேசியதை அன்றே இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். அந்தத் தேதியும் தாண்டி, அடுத்ததும் தாண்டி "பார்க்கலாம்" தொடர்ந்தால், கணவர் சொல்வதை அப்போது உட்கார்ந்து யோசிக்கலாம். இதுவரை மேலாளர் எதையும் மறுக்கவில்லையே, நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை.

தூக்கத்தைப் பற்றி ஒன்று. சந்திப்புக்கு முந்தைய இரவு மட்டும்தான் என்றால், ஓரிரு முறை பேசிப் பழகியதும் சரியாக வாய்ப்பு அதிகம். மற்ற இரவுகளிலும் விழித்துக் கிடக்கிறீர்கள் என்றால், கடிதத்தோடு நிறுத்தாமல் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள்.