அப்ரண்டிஸ் என்றால் என்ன? அதில் இளைஞர்கள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள்?

அப்ரண்டிஸ் என்பது தொழிற்சாலையிலோ பணிமனையிலோ வேலை செய்தபடியே ஒரு தொழிலைப் பழகுவது. அப்படிப் பழகுபவரைத் தமிழில் தொழில் பழகுநர் என்பார்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி இவர்கள் தொழிலாளர்கள் அல்ல, பயிற்சி பெறுபவர்கள். அதனால்தான் கைக்கு வருவதைச் சம்பளம் என்று சொல்லாமல் உதவித்தொகை என்கிறார்கள், பி.எஃப். பிடித்தமும் கிடையாது.

ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்தவருக்கு ஏன் இன்னும் பயிற்சி? படித்தது கைக்கு வர நாளாகும். தோசைக்கல் பதமாகச் சூடேறிவிட்டதா என்பது சமையல் குறிப்பைப் படித்துத் தெரிவதில்லை. தண்ணீர் தெளித்து அந்த ‘சுர்’ சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிபடும். உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரமும் அப்படித்தான். வெர்னியர் என்ற அளவுக் கருவி 0.02 மி.மீ. வரை அளக்கும் என்று பரீட்சையில் எழுதிவிடலாம். ஆனால் கடைந்த சூட்டோடு அளந்து ‘சரி’ என்று எடுத்து வைத்த பீஸ், ஆறியதும் சுருங்கி அளவு குறைந்திருக்கும். ஒரு தடவை அப்படி வீணாக்கியவர் மறுபடி ஆறவிடாமல் அளக்க மாட்டார்.

இதைவிடப் பெரிதாக நான் நினைப்பது, தவறை மறைக்காத பழக்கம். கெட்டுப்போன பீஸை நல்லவற்றோடு கலந்துவிட்டால், அடுத்த ஷிப்டில் அதைப் பொருத்துகிறவர்தான் திண்டாடுவார். உடனே சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறவரை நம்பித்தான் அடுத்த வேலையைக் கொடுப்பார்கள்.

அப்ரண்டிஸ் முடித்தாலே அதே நிறுவனத்தில் நிரந்தர வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, வேலை தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.