எனாமல் பூசிய கிரில் தட்டில் துரு

கேள்வி: எங்கள் கேஸ் கிரில்லின் வார்ப்பிரும்புத் தட்டுகளுக்குக் கறுப்பு எனாமல் பூசியிருக்கிறார்கள். இரண்டு இடங்களில் பூச்சு பெயர்ந்து துரு தெரிகிறது. கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, தோசைக்கல்லைப் போல எண்ணெய் தடவிப் பழக்கிவிட்டால் போதும் என்கிறார் என் மைத்துனர். அப்படிச் செய்யலாமா?
– வாசகர், டொராண்டோ

பதில்: பூச்சு பெயர்ந்த இடத்துக்கு உங்கள் மைத்துனரின் யோசனை சரி; மற்ற இடங்களுக்கு அது தேவையில்லை, கம்பி பிரஷ் எங்குமே வேண்டாம். எனாமல் என்பது ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் உருக்கி இரும்பின் மீது படியவைத்த கண்ணாடி. எண்ணெயை உறிஞ்சிப் பழகும் தன்மை அதற்குக் கிடையாது. எஃகுக் கம்பியால் தேய்த்தாலும், இடுக்கியால் ஓங்கித் தட்டினாலும், சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரை ஊற்றினாலும், கண்ணாடிக்கும் இரும்புக்கும் விரிந்து சுருங்கும் அளவு வேறுபடுவதால் ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பூச்சு விரிசல் கண்டு சில்லு சில்லாகப் பெயரும். போதாக்குறைக்கு, பிரஷ்ஷிலிருந்து உதிரும் மெல்லிய கம்பி உணவோடு வயிற்றுக்குள் போய்விடக்கூடும்; இவ்வாறு காயமடைந்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் அறிக்கையே வெளியிட்டது.

சமையல் முடிந்ததும் மூடியை மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் அதிகத் தீயில் விட்டால் ஒட்டியிருக்கும் மசாலாவும் கொழுப்பும் கருகி உதிரத் தொடங்கும். பிறகு தீயை அணைத்து, தட்டு இளஞ்சூட்டுக்கு வந்ததும் மரச் சுரண்டியாலோ, கசக்கி உருண்டையாக்கிய அலுமினியத் தாளாலோ மெதுவாகத் தள்ளிவிடுங்கள். நைலான் பிரஷ் வைத்திருந்தால் தட்டு முழுவதும் ஆறிய பின்பே பயன்படுத்த வேண்டும், இல்லையேல் நைலான் உருகிப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். தயிரும் மஞ்சளும் ஊறிய கோழிக்கறி சுட்ட நாளில் மட்டும், ஆறிய தட்டை வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு கழுவி, உடனே துடைத்து, சிறு தீயில் காயவையுங்கள். காரம் மிகுந்த ஓவன் கிளீனர் பக்கமே போகாதீர்கள்.

துருப் பிடித்த இரு புள்ளிகளை மட்டும் நனைந்த ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்துத் துரு போனதும் காயவைத்து, சூரியகாந்தி எண்ணெயை மெல்லிய படலமாகத் தொட்டுத் தடவி, புகை வந்து அடங்கும்வரை சூடாக்குங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால் அங்கே கறுத்த பாதுகாப்புப் படலம் உருவாகும். தேங்காய் எண்ணெயில் அது சரியாக உறையாது. மற்ற இடங்களில் சமைக்கும் முன் லேசாக எண்ணெய் தடவுவது இறைச்சி ஒட்டாமலிருக்க மட்டுமே.

பனிக்காலத்தில் தட்டுகளைக் கழற்றி, மெல்ல எண்ணெய் பூசி வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. ஆனால் பெயர்ந்த இடத்தின் ஓரம் விரலால் தடவும்போது தொடர்ந்து உதிர்ந்தால் அந்தத் தட்டில் சமைக்க வேண்டாம். கண்ணாடித் துகள் உணவில் கலப்பதைவிடப் புதுத் தட்டு வாங்கும் செலவு எவ்வளவோ மேல்.