ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு மலேரியா வந்தபோது, ஒருநாள் விட்டு ஒருநாள், மாலையில் சொல்லிவைத்தாற்போல் குளிர் வந்து உதறும். இப்போது என் மகள் புதுச்சேரியில் எம்.எஸ்சி. படிக்கிறாள். மலேரியா ஒட்டுண்ணியின் ‘கைனேஸ்’ மரபணுக்கள் பற்றித்தான் புராஜெக்ட் என்கிறாள். அதற்கும் அந்தக் குளிருக்கும் சம்பந்தம் உண்டா?
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உண்டு அம்மா, நேரடியான சம்பந்தமே உண்டு. புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் 28 வருடம் ரத்த ஸ்லைடு பார்த்தவள் நான். நம் பக்கம் அதிகம் வருவது வைவாக்ஸ் மலேரியா. ஜீம்சா சாயம் போட்டுப் பார்த்தால், சிவப்பணுவுக்குள் முதலில் ஒரு சின்ன மோதிரம்தான் தெரியும்: நீல வளையம், ஓரத்தில் சிவப்புக் கல் பதித்தாற்போல் உட்கரு. அதே ஒட்டுண்ணி முற்றியபிறகு பார்த்தால், உப்பிப்போன அணு முழுக்க சீத்தாப்பழச் சுளைகள் மாதிரி பன்னிரண்டு, பதினாறு என்று குட்டிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். நடுவே பழுப்புத் துகள்கள். அணு வெடித்து இவை வெளியே கொட்டும்போதுதான் குளிர் தூக்கிப்போடும். வைவாக்ஸுக்கு இது ஏறக்குறைய 48 மணி நேரத்துக்கு ஒருமுறை.

சரி, ஒன்று எப்போது பதினாறாக வேண்டும் என்று யார் சொல்வது? அங்கேதான் கைனேஸ் வருகிறது. கைனேஸ் ஒரு புரதம். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டிவிடும். ஒட்டியதும் அந்தப் புரதம் வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும். நம் செல்களிலும் இதே ஏற்பாடுதான். செல் எப்போது பிரிய வேண்டும் என்பதை இப்படிப்பட்ட கைனேஸ்கள் கட்டுப்படுத்துவதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நம் செல் டிஎன்ஏவை ஒருமுறை நகலெடுத்து இரண்டாகப் பிரியும். ஒட்டுண்ணியோ உடலைப் பிரிக்காமல் உட்கருவை மட்டும் பெருக்கிக்கொண்டே போகிறது. ஒரே செல்லின் கூழுக்குள் ஓர் உட்கரு நகலெடுக்கும்போது பக்கத்து உட்கரு சும்மா இருக்கும். எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்கவில்லை. ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா ஒட்டுண்ணியில் சிஆர்கே4 என்ற கைனேஸை இல்லாமல் செய்தால், டிஎன்ஏ நகலெடுப்பதிலேயே தடைபட்டு நின்றுவிடுகிறது.

சிடிபிகே4 என்று இன்னொன்று. அதன் வேலை கொசுவின் வயிற்றில். கொசு ரத்தம் குடித்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஆண் ஒட்டுண்ணி மூன்றுமுறை டிஎன்ஏவை நகலெடுத்து எட்டு விந்தணுக்களை விடும். எலி மலேரியாவில் இந்த மரபணுவை நீக்கியபோது ஆண் விந்தணுவே உருவாகவில்லை. கொசு வழியாகப் பரவுவதும் நின்றது. இந்த வகைக் கைனேஸ் செடிகளில் உண்டு, மனிதரிடம் கிடையாது. மருந்து தேடுபவர்கள் இதைச் சுற்றிச்சுற்றி வருவது அதனால்தான்.

அப்படி ஒரு மருந்து அன்றைக்கு இருந்திருந்தாலும் உங்கள் அப்பாவின் குளிரை அது நிறுத்தியிருக்காது. அவரைக் கடித்த கொசு, அடுத்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோகாமல் தடுத்திருக்கும். மகள் எந்தக் கைனேஸை எடுத்திருக்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.